பவானேஸ்வரி எடுக்கச் சொன்ன வரி

1

இந்தக் கதையை நானாக எழுத நினைக்கவில்லை. எழுதச் சொன்னவர் பரமேஸ்வரன். குருபோங்கில், தொழிற்சாலைகளுக்குப் போகிற சாலையோரம், தகரக் கூரை போட்டு, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க் கடை வைத்திருப்பவர். (எங்கள் மலாக்காவை நிறுவிய ராஜாவின் பெயர் பரமேஸ்வரன். அந்தப் பெயர் வைத்துக்கொண்ட எல்லாராலும் ராஜ்யம் அமைத்துவிட முடியாது.)

"என் பொண்டாட்டி பேரு கெட்டுப்போச்சு டீச்சர். நீங்க ஞாயித்துக்கெழம பேப்பர்ல கதை எழுதுறவங்க. உண்மைய எழுதுனா ஜனங்க நம்புவாங்க, லா" என்றார்.

எழுத வேண்டாம் என்று சொன்னவள் அவருடைய மனைவி பவானேஸ்வரி. எந்தப் பெயரைக் காப்பாற்றச் சொல்லி அவர் என்னிடம் வந்தாரோ, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி.

இரண்டு பேரிடமும் சரி என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியருக்கும் பெற்றோர் சங்கத்துக்கும் ஒரே கூட்டத்தில் தலையாட்டிப் பழகி, ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். அவர்கள் மகள் ஷாந்தினிக்கு ஐந்தாம் ஆண்டில் பாடம் எடுத்தேன். அந்த உறவில்தான் அந்த வீட்டுக்கு நான் டீச்சர்.

(கணவரை 'அவர்' என்றும் மனைவியை 'அவள்' என்றும் எழுதியிருக்கிறேன். மாற்றிப் பார்த்தேன். கை கேட்கவில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பண்பாடு சொல்லிக்கொடுத்த கை, அப்படித்தான் இருக்கும்.)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவானேஸ்வரியின் கை மறுபடியும் மாவில் இறங்குமா, இறங்காதா என்பதுதான் இந்தக் கதை. இறங்கினால் அவள் ரத்தம் கெடும். இறங்காவிட்டால் அவள் பெயர் கெட்டது கெட்டதாகவே இருக்கும். இதற்கு நடுவில் ஒரு நல்ல வழி இருக்கும் என்று நானும் கொஞ்ச நாள் நம்பினேன்.

2

தொடக்கங்கள்.

"பவானேஸ்வரியின் முழங்கைகளில் செந்நிறப் பூக்கள் கொத்துக் கொத்தாய் மலர்ந்திருந்த ஒரு மாலையில்

[நிறுத்திவிட்டேன். கொப்புளத்தைப் பூ என்று எழுதுகிறவருக்கு ஒரு ராத்திரியாவது அரிக்க வேண்டும்.]

"கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாகக் கருதுவதால் சிலருக்குத் தோலில்

[கிளினிக் சுவரில் ஒட்டுகிற தாள் மாதிரி இருக்கிறது. சுவரில் ஒட்டியதை யாரும் படிப்பதில்லை, நம்பர் வரும்வரை முறைத்துக்கொண்டிருப்பதோடு சரி.]

"ஒரு ஊரில் ஒரு ரொட்டிக்கடை இருந்தது. அந்தக் கடையில் மாவு பிசைகிறவளுக்கு மாவு ஆகாது."

இதுதான் சரியான தொடக்கம். இதிலேயே எல்லாம் வந்துவிட்டது என்பதுதான் இதன் குறை. ஞாயிறு பதிப்பில் ஒரு பக்கம் கேட்கிறார்கள். ஆகவே மேலே போகிறேன்.

3

முதலில் வெறும் அரிப்புதான். இரண்டு முழங்கைகள், இரண்டு முழங்கால்கள், இடுப்புக்குக் கீழே, அப்புறம் தலைமுடிக்குள். சின்னச் சின்னக் கொப்புளங்கள், கூட்டம் கூட்டமாக. ஒரு கிளினிக்கில் சிரங்கு என்றார்கள். வீட்டிலிருந்த துணிமணிகளையெல்லாம் வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைத்தாள். இன்னொரு கிளினிக்கில் வெயிலும் வியர்வையும் என்றார்கள். பரமேஸ்வரனின் தங்கை புனிதா நாகதோஷம் என்றாள். புற்றுக்குப் பாலும் முட்டையும் வைத்தாயிற்று. பாம்பு குடித்ததோ இல்லையோ, அரிப்பு அடங்கவில்லை.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் தோலில் துளியூண்டு வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். பரமேஸ்வரனால் கடையை விட்டு வர முடியாது என்பதால் நான்தான் என் பழைய மைவி காரில் அழைத்துப்போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும் பொறுமையாகச் சொன்னார். கோதுமை ஆகாததால் வருகிற தோல் நோய் இது, யாருக்கும் ஒட்டாது, நம் பக்கத்து ஜனங்களுக்கு அபூர்வம், வெள்ளைக்காரர்களுக்குத்தான் அதிகம்.

நான் தமிழில் சொன்னேன். பவானேஸ்வரி என் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளக்காரன் எஸ்டேட்ட வித்துட்டுப் போறப்ப எங்கப்பாவுக்கு ஒண்ணும் குடுக்கல டீச்சர். எனக்கு இத வச்சிட்டுப் போயிருக்கான் போல."

டாக்டர் என்னவென்று கேட்டார். நன்றி சொல்கிறாள் என்றேன்.

வைத்தியம் இரண்டு. ஒன்று, ஆயுசு முழுக்கக் கோதுமை கூடாது. அது மெதுவாகத்தான் வேலை செய்யும், மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். அதுவரை அரிப்பை அடக்க ஒரு மாத்திரை. டாப்சோன் என்று பெயர். ரத்தத்தைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மாத்திரை என்றார் டாக்டர்.

மாத்திரை உடனே கேட்டது. போட்ட சில நாளிலேயே தூங்கினாள். பரமேஸ்வரன் என் வீட்டுக்கே வந்து ஒரு பை நிறைய ரம்புத்தான் பழம் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது நினைத்தால், அது அவ்வளவு சீக்கிரம் கேட்டதுதான் வினை. அரிப்பு நின்றபிறகு மாவை எதற்கு விட வேண்டும்? தின்பதைத்தானே விடச் சொன்னார்கள்? அவள் தின்பதை விட்டாள். மத்தியானம் உட்கார்ந்து அடுத்த நாளுக்கு மாவு பிசைவதை விடவில்லை. அவர் விடச் சொல்லவுமில்லை. ஒரு பெட்டி முகக்கவசம் வாங்கிக் கொடுத்தார்.

4

(இந்தப் பகுதி கதைக்கு அவசியமில்லை என்று சொல்வார்கள். எனக்கு அவசியம். ஆத்திரத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.)

ரொட்டி இல்லை, மீ நூடுல்ஸ் இல்லை, பிஸ்கட் இல்லை, சோயா சாஸ் இல்லை. கோயிலில் கேசரி கொடுத்தால் கண்ணில் ஒற்றிப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவாள். சோறும் ரசமும் மட்டும். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் கொடுத்த தாளில் பீர்கூட இருந்தது, ஆகாத பொருள்களில். பவானேஸ்வரி அன்றோடு பீரை நிறுத்திவிட்டாள். அதற்கு முன் குடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அப்படியும் கொப்புளம் வந்துகொண்டே இருந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். திருட்டுத்தனமாக ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் என்னிடம் தனியாகக் கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

ஒரு நாள் தெங்கேராவில் மளிகைக் கடையில் நின்றிருந்தோம். கையில் கிடைத்த எழுத்தையெல்லாம் படித்துத் திருத்துகிற வியாதி எனக்கு உண்டு. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். பாதிக்குமேல் கோதுமை மாவு. கட்டியாகாமல் இருக்கக் கலக்கிறார்களாம்.

"தெனமும் ரசத்துல போட்டனே டீச்சர்" என்றாள் பவானேஸ்வரி. "வவுத்துக்கு நல்லதுன்னு ஒரு சிட்டிக கூடவே போட்டேன்."

எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இதுதான் பத்தியம் என்று நம்பிச் சாப்பிட்ட ஒரே சாப்பாட்டில் அது இருந்தது. ஆலோசகரின் தாளில் பீர் இருந்தது, ரசம் இல்லை. அந்தத் தாளை எழுதியவர்கள் நம் அடுப்படிக்கு வந்ததில்லை. நாமும் அழைத்ததில்லை.

பெருங்காயத்தை நிறுத்திய பிறகு நன்றாகக் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. ஏனென்று யோசித்த டாக்டர் என்னிடம் கேட்டார், இவர் கணவருக்கு என்ன தொழில்?

5

மாவு காற்றில் பறக்கும். மூக்கிலும் வாயிலும் போகும். விழுங்கினால் தின்றது மாதிரிதான். மாத்திரை அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. மறைத்துக்கொண்டே அவளுடைய ரத்தத்தில் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருந்தது.

உதடு நீலம் பாய்ந்தது. சின்ன மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. பாதம் மரத்து, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வந்தாள். ஒரு மத்தியானம் மாவுச் சட்டிக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். டாக்டர் இந்த முறை பொறுமையாகப் பேசவில்லை. மாத்திரையைக் குறைத்தே ஆக வேண்டும், குறைத்தால் கொப்புளம் பொங்கும், பொங்காமல் இருக்க மாவு இருக்கிற இடத்திலேயே இவர் இருக்கக் கூடாது. வேறு வழி இல்லை.

நான் கடைக்குப் போய்ப் பரமேஸ்வரனிடம் சொன்னேன். அவர் கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"நிச்சயமா டீச்சர். ஒடம்புதானே முக்கியம். ஆளு பாக்கறேன்."

ஆள் பார்த்துக்கொண்டே இருந்தார். தைப்பூசம் போனது, சீனப் பெருநாள் போனது. ஒவ்வொரு முறை நான் கேட்டபோதும் "ஆளு எங்க கெடைக்குது டீச்சர், அவ கை பக்குவம் யாருக்கு வருது" என்றார். அவள் இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு பிசைந்தாள்.

[இந்த இடத்தில் பரமேஸ்வரனைக் கெட்டவனாக எழுத ஆசைப்பட்டேன். "பரமேஸ்வரன் மீசையை நீவியபடி" என்று ஒரு வரிகூட எழுதினேன். அவருக்கு மீசையே கிடையாது. சாராயம் கிடையாது, கைநீட்டுவது கிடையாது. மனைவிக்காக வீட்டில் சட்டிபானை எல்லாவற்றையும் புதிதாக மாற்றியவர். பெருங்காயம் போடாத ரசத்தைத் தானும் குடித்தவர். ரத்தம் ஏற்றிய அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் எதிரே அழுதவர். தினமும் காலையில் அவளுக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைப்பவர் அவர்தான். மத்தியானம் மாவுச் சட்டியை எடுத்து வைப்பவரும் அவர்தான். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது? கெட்டவன் என்றால் வாசகர் திட்டிவிட்டுத் தூங்கப் போவார்.]

6

புனிதா ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறாள். அண்ணி வீட்டில் மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறாள். அந்த மாத்திரை வேறு எதற்குக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியும். தொழுநோய்க்கு.

அவள் பொய் சொல்லவில்லை. அந்த நோய்க்கும் அதே மாத்திரைதான். ஒரே ஒரு ஆளிடம், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொல்லியிருக்கிறாள். முழுப் பொய்யாக இருந்தால் நாலு தெரு தாண்டுவதற்குள் களைத்துப் போயிருக்கும். இது பாதி உண்மை. மாசி மகத்துக்கு முன்பே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாசி மகத்தன்று அன்னதானத்தில் பவானேஸ்வரி வழக்கம்போல் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் இறங்கினாள். பாதி வரிசை போனதும் ஒரு பெண் சிரித்த முகமாக வந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுங்கக்கா, நீங்க ஒக்காருங்க. நான் ஊத்தறேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் ஊற்றிவிட்டு வந்த வரிசையில் ஒவ்வொருவராக இலையை மூடிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அதை என்னிடம் சொல்லும்போதும் அவள் அழவில்லை. "சோறு வீணாப்போச்சு டீச்சர்" என்றாள்.

(தொழுநோயாகவே இருந்தால்தான் என்ன? மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற நோய் அது. மருந்து தொடங்கிவிட்டால் யாருக்கும் பரவாது. இலையை மூடியவர்களுக்கு வந்ததற்குத்தான் இன்னும் மாத்திரை கண்டுபிடிக்கவில்லை. இதைப் பிரசங்கம் என்பார் பத்திரிகை ஆசிரியர். வெட்டிக்கொள்ளட்டும். இங்கே வெட்ட அவர் இல்லை.)

பிறகு கடையில் கேட்க ஆரம்பித்தார்கள். இங்க மாவு பிசையறது யாரு? லாரிக்காரர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். தொழிற்சாலைப் பெண்கள் தே தாரிக் டீ மட்டும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த வாரமே பரமேஸ்வரனுக்கு ஆள் கிடைத்துவிட்டார். ராமநாதபுரத்திலிருந்து வந்தவர், நல்ல மனிதர். பவானேஸ்வரியை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். கடைப் பக்கமே வர வேண்டாம் என்றார்கள். ஜனங்கள் பார்க்கிற மாதிரி வாசலிலே கூட நிற்க வேண்டாம்.

டாக்டர் கெஞ்சியும் திட்டியும், நான் நடையாய் நடந்தும், ரத்தம் ஏற்றியும் நடக்காத காரியம் ஒரு வதந்தியால் நடந்தது. இதைக் கற்பனையாக எழுதினால் செயற்கை என்பீர்கள்.

7

மாவு இல்லாத வீட்டில் அவள் தேறினாள். டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கொப்புளம் வரும் வரும் என்று பயந்துகொண்டே இருந்தோம். வரவில்லை. மாத்திரையை நிறுத்தினார். அப்போதும் வரவில்லை. உதட்டில் பழைய நிறம் திரும்பியது. தீபாவளிக்குக் குட்டைக் கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டாள். முழங்கையில் தழும்பு மட்டும் வெளிறித் தெரிந்தது. யாரும் அவள் வீட்டுப் பலகாரத்தைத் தொடவில்லை. அவள் அரிசி மாவு முறுக்கை என் வீட்டுக்கு மட்டும் கொண்டுவந்தாள்.

கடையில் ரொட்டி ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. (எஸ்டேட்டில் பிறந்தவள் சொல்கிறேன். எனக்கு ரப்பர் தெரியும்.) போன கூட்டமும் திரும்பி வரவில்லை. அப்போதுதான் பரமேஸ்வரன் என்னிடம் வந்தார்.

"இப்பதான் தோலு நல்லா ஆயிருச்சே டீச்சர். இது அந்த வியாதி இல்லன்னு நீங்க எழுதிட்டா, சந்தேகம் தீந்துரும். அவ பழையபடி வந்து மாவுல கை வச்சா போதும். ஜனங்க ஓடி வருவாங்க."

"மறுபடி கொப்புளம் வந்தா?"

"மாத்திரதான் இருக்கே டீச்சர்."

அவர் இதை எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னார். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்பான முகம். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், இந்தப் பெயரோடு எப்படி என்று சொன்னபோது குரல் உடைந்தது. நான் எழுதுகிறேன் என்றேன். உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போகட்டும், இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்த ரொட்டி வேண்டியிருந்தது.

8

முடிவுகள்.

(அ) பரமேஸ்வரன் மனம் மாறி ரொட்டியை நிறுத்திவிட்டு இடியப்பக் கடை போடுகிறார். அரிசி மாவு, தேங்காய்ப்பூ, நாட்டுச் சர்க்கரை. பவானேஸ்வரி பிழிகிறாள், கூட்டம் அலைமோதுகிறது. இதை அவரிடமே சொல்லிப் பார்த்தேன். "இடியப்பத்துக்கு வேற ஆளு பேரெடுத்துருக்கான் டீச்சர். நம்ம பேரு ரொட்டியிலதான்" என்று சிரித்தார்.

(ஆ) பவானேஸ்வரி மாவுச் சட்டியைத் தூக்கிச் சாலையில் வீசிவிட்டு வெளியேறுகிறாள். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அவள் அப்படிச் செய்ய மாட்டாள். மாவு வீணாவது அவளுக்குப் பொறுக்காது.

(இ) அவள் செத்துப்போகிறாள். பரமேஸ்வரன் சுடுகாட்டில் தன் கையைப் பார்த்து அழுகிறார். ஞாயிறு பதிப்புக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கே எழுத எழுத அழுகை வந்தது. பக்கத்தைக் கிழித்துவிட்டேன். உயிரோடிருக்கிற பெண்ணைக் கொன்று நான் எதற்கு அழ வேண்டும்?

9

புக்கிட் பெருவாங்கில் என் வீட்டுச் சமையலறையில் அவளுக்கு வரைவைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். வெள்ளைக்காரன் இடம் வந்தபோது சிரித்தாள். இலை மூடிய இடத்தைத் தாண்டிப் போனாள். ஒரு வரியில் நின்றாள்.

"பவானேஸ்வரிக்கு வந்தது தொழுநோய் அல்ல, கோதுமை ஆகாததால் வந்த தோல் நோய், இப்போது அது முற்றிலும் அடங்கிவிட்டது."

"இந்த வரிய எடுத்துருங்க டீச்சர்."

"இந்த வரிக்காகத்தானேம்மா முழுக் கதையும்."

"அதனாலதான் எடுக்கச் சொல்றேன்."

"ஊரு ஒன்ன என்ன நெனச்சிக்கிட்டு இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். எதுத்த வீட்டம்மா நான் தொட்ட கேட்டக்கூட தொடமாட்டேங்குது." அவள் தாளை மடித்தாள். "இந்த வரி வந்த மறுநாளு நான் கடையில இருப்பேன் டீச்சர்."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மீது. "முடியாதுன்னு சொல்லேன்! வாய் இருக்குல்ல?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் மாணவி.

"சொல்லியிருக்கேன் டீச்சர். டாக்டர் சொன்னாங்கன்னு சொன்னேன். கால் மரத்துப் போகுதுன்னு சொன்னேன். கண்ண இருட்டுது, பயமா இருக்குன்னு சொன்னேன். ஒவ்வொண்ணுக்கும் 'ம்'னாரு. பாவமாத்தான் பாத்தாரு. மத்தியானம் ஆனா சட்டி அங்கதான் இருக்கும். நான் செத்துருவேன்னு சொன்னப்பக்கூட அவரு அத அங்கருந்து நகத்தல. ஜனங்க அருவருக்கறாங்கன்னு தெரிஞ்சப்பதான் நகத்தினாரு."

மடித்த தாளை என் பக்கம் தள்ளினாள்.

"ஒங்களுக்கு அவர நல்லாத் தெரியும். கெட்டவரு இல்ல. அதான் கஷ்டமே. கெட்டவரா இருந்தா நான் எப்பவோ எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன்."

"ஷாந்தினிக்கு வரன் பாக்கறாங்களே?"

"அந்தப் பையன் வீட்டுக்கு நானே போனேன். அவங்க அம்மாகிட்ட ரிப்போர்ட்டக் காட்டி எல்லாம் சொல்லிட்டேன். அவங்களும் யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க, நான் கேட்டுக்கிட்டேன். யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்குத் தெரியும் டீச்சர். மத்தவங்க நெனைக்கறத நெனைச்சிக்கட்டும்."

"ஆயுசு முழுக்க இந்தப் பேரோடயா இருப்ப?"

"பேரு கெட்டா பேரு மட்டுந்தான் கெடும்" என்றாள். "நான் இப்பத்தான் தூங்கறேன். மாடி ஏறறேன். கால வச்சா தரை தெரியுது. இத எழுதிப் பறிச்சிராதீங்க டீச்சர்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் தொழிலில் நல்ல வசனங்களுக்குப் பஞ்சமில்லை. அன்றைக்கு எழுந்து போய் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

10

பேப்பருக்கு வேறு கதை அனுப்பினேன். மாமியார் மருமகள் கதை. அடுத்த வாரமே போட்டுவிட்டார்கள். பரமேஸ்வரன் கடை மேசையில் அந்தப் பேப்பர் கிடக்கும். ரொட்டிக்கு வருகிறவர்கள் அதைத்தான் புரட்டுவார்கள். எங்க கதை எப்ப வரும் டீச்சர் என்று அவர் கேட்டார். முடிவு வரவில்லை என்றேன். அது உண்மை.

இந்தக் கதையைப் புத்தகத்தில்தான் சேர்க்கிறேன், அந்த வரியோடு. பவானேஸ்வரி எடுக்கச் சொன்னாள், நான் எடுக்கவில்லை. ஒரு உண்மையைப் பத்திரமாக ஒளித்து வைக்க வேண்டுமானால் மலேசியாவில் ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பைவிட நல்ல இடம் இல்லை. வெளியீட்டு விழாவில் வாங்கிப் போகிறவர்கள் திறந்து பார்ப்பதில்லை. பொன்னாடை போர்த்தியவர் முன்னுரையைக்கூடப் படித்திருக்க மாட்டார். இந்தத் தைரியத்தில்தான் எழுதினேன். இதை அவளிடம் சொன்னபோது, "அப்ப சரி டீச்சர்" என்று மனதார ஒப்புக்கொண்டாள். எனக்குத்தான் வலித்தது.

ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். குருபோங்கில் எத்தனையோ ரொட்டிக் கடைகள். போய்த் தேடாதீர்கள்.

ஆனால் நீங்கள் இதைப் படித்துவிட்டீர்கள். அது என் கணக்கில் இல்லாத ஒன்று.

என்றாவது அந்தப் பக்கம் போவீர்கள். தகரக் கூரை, சுமாரான கூட்டம், கல்லுக்குப் பின்னால் மீசையில்லாத ஒரு நல்ல மனிதர். தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்வீர்கள். ரொட்டியைப் பிய்க்கச் சிரமப்படுவீர்கள். பக்கத்து மேசையில் யாராவது, "நல்லவேள, லா, இப்ப அந்தம்மா மாவு பிசையறதில்ல. அதுக்குக் குஷ்டம்" என்பார். உங்களுக்கு உடம்பெல்லாம் எரியும். நியாயமான கோபம். உண்மை தெரிந்தவருக்கு வர வேண்டிய கோபம். எழுந்து நின்று, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, அது அந்த நோயே இல்லை, அவருக்கு இப்போது எதுவும் இல்லை, தோல் சுத்தமாகிவிட்டது என்று சொல்லத் தோன்றும். கல்லிலிருந்து நிமிர்ந்து பரமேஸ்வரன் உங்களைப் பார்ப்பார். கண்ணில் நன்றி இருக்கும்.

பேசுவதும் பேசாமல் எழுந்து வருவதும் உங்கள் பாடு. அந்த முடிவை நான் எழுத மாட்டேன்.

பேசினால், நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. மறுநாள் காலையில் ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கும்.